தயவுசெய்து பூங்காவுக்கு வராதீர்கள்

"சார், ஒருத்தர்கூடப் பூங்காவுக்குள்ள வரக்கூடாது. அதுக்கு மரியாதையா என்ன எழுதலாம்?" என்று கேட்டார் கண்காணிப்பாளர்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வீட்டு வாசலில் பழைய செய்தித்தாள்களை விரித்து, அதன்மேல் ஒரு தகரப் பலகையைக் கிடத்தி, பச்சை வண்ணத்தில் தோய்த்த தூரிகையோடு முழங்காலிட்டிருந்தார். நகரத்துப் பூங்காக்கள் அத்தனைக்கும் அவர்தான் கண்காணிப்பாளர். பெரிய பூங்காவின் மூலையிலேயே அவருக்கு வீடு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் குளம் தெரியும். அந்த ஜன்னலுக்காகவே அவருடைய மனைவி அந்த வீட்டின் ஒழுகும் கூரையை இருபது வருஷமாக மன்னித்து வந்தாள்.

"எதுவுமே எழுதாம இருந்தா நல்லாயிருக்கும்" என்றார் எதிரே நின்றவர். பக்கத்து மயானத்தின் பொறுப்பாளர். துறையில் எல்லோரும் அவரை 'அமைதி' என்றுதான் கூப்பிடுவார்கள். பூங்காவுக்கும் மயானத்துக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அதில் ஒரு சின்னக் கதவு. தினமும் சாயங்காலம் அந்தக் கதவு வழியாக வந்து ஒரு காபி குடித்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் போவார். இன்றைக்கு அவருடைய இரண்டு கையிலும் இரண்டு சாம்பல் நிறப் பெட்டிகள் இருந்தன.

"இது என்ன?"

"ஆள் எண்ணுற பெட்டி. மேல பேர் எழுதியிருக்கு பாருங்க, ஒண்ணு உங்க வாசலுக்கு, ஒண்ணு என் வாசலுக்கு. கொண்டு வந்த ஆள் அவசரம்னு ரெண்டையும் என் தலையில கட்டிட்டுப் போயிட்டான். நீங்க எழுதுங்க சார், நானே மாட்டிடறேன்."

கண்காணிப்பாளர் அந்தப் பெட்டிகளைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது. எல்லாம் புதிய ஆணையரால் வந்த வினை.

போன வாரம்தான் ஆணையரம்மா துறைக் கூட்டம் போட்டு, "அடுத்த பத்து வருஷத்துக்கு நம்ம பூங்காக்களோட இலக்கு என்ன?" என்று கேட்டிருந்தார். கண்காணிப்பாளர் உற்சாகமாக எழுந்து, "புல் பச்சையா இருக்கும் மேடம். ஜனங்க நிம்மதியா உக்காருவாங்க" என்றார்.

"நிம்மதிய எதால அளப்பீங்க?"

கண்காணிப்பாளர் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார்.

"அளக்க முடியாதது இலக்கே இல்ல" என்றார் ஆணையர். பிறகு அவரே முடிவும் சொன்னார். பெரிய பூங்காவின் வாசலில் கருவி மாட்டி ஒரு வாரம் ஆட்களை எண்ணுவது. அதையே எல்லாப் பூங்காக்களுக்கும் அளவுகோலாக எடுத்துக்கொள்வது. பத்து வருஷத்தில் அது இரண்டு மடங்காக வேண்டும். வருஷா வருஷம் ஏற வேண்டும். மயானமும் அதே துறையில் இருந்ததால் மயானத்துக்கும் அதே இலக்கு. "விதின்னா எல்லாருக்கும் ஒரே விதிதான்" என்று அவர் சொன்னபோது, பின்வரிசையில் யாரோ இருமலாக மாற்றிய சிரிப்பு கேட்டது.

"முதல் வருஷமே இலக்கைத் தவறவிடற அதிகாரி மயானத்துக்குப் போவார். அங்க இருக்கறவர் அவரோட இடத்துக்கு வருவார்" என்று முடித்தார் ஆணையர்.

மயானம் என்றால் அந்தத் துறையில் தண்டனை என்று பொருள். அமைதி சாரும் ஏதோ ஒரு காலத்தில் மேலதிகாரி ஒருவரை எதிர்த்துப் பேசி, அங்கே தள்ளப்பட்டவர்தான். போனவர் திரும்பி வர ஒரு மனுகூடப் போடவில்லை. பெரிய மரமொன்றின் அடியில் நாற்காலி போட்டு, நாளெல்லாம் நாவல் படிப்பார்.

கண்காணிப்பாளர் போட்ட கணக்கு சுலபமானது. இரண்டு மடங்காக்க வேண்டும் என்றால், ஆரம்பம் எவ்வளவு சின்னதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. எண்ணுகிற வாரத்தில் பூங்கா காற்றாடினால் போதும்; வேலையும் பிழைக்கும், வீடும் பிழைக்கும், ஜன்னலும் பிழைக்கும். ஆகவே பலகை.

கடைசியில் இப்படி எழுதினார்: 'உள்ளே முக்கியமான பணி நடக்கிறது. பொதுமக்கள் தயவுசெய்து வர வேண்டாம்.'

அமைதி சார் அதை ஒருமுறை படித்தார். பிறகு கண்காணிப்பாளரின் முகத்தை ஒருமுறை படித்தார். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார்.

திங்கட்கிழமை காலையில் பலகையை முதலில் பார்த்தது மனைவியின் நடைக்குழு. அவள் ஆரம்பித்து, அவள் வளர்த்து, அவளே தலைமை தாங்கும் குழு. எல்லோரும் பலகையின் முன்னால் நின்றார்கள். நின்றார்களே தவிர நடக்கவில்லை. வேகமாக நடக்கிற வாய்களாயிற்றே, அவைமட்டும் நடந்தன.

"அதென்ன அது, நமக்குத் தெரியாம முக்கியமான பணி?"

"இடிக்கப் போறாங்களோ என்னவோ."

"ஐயையோ, வித்துட்டாங்களா?"

மதியத்துக்குள் பூங்கா விற்றுப் போய், அந்த இடத்தில் பல மாடிக் கடை எழும்பி, அதன் மொட்டை மாடியில் நீச்சல் குளமும் வந்துவிட்டது. ஊர் முழுக்க அப்படித்தான் பேச்சு. வருஷக்கணக்காக அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள்கூட, கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று குடும்பத்தோடு கிளம்பி வந்தார்கள். நரைத்த தம்பதி ஒன்று, தாங்கள் முதன்முதலில் சந்தித்த பெஞ்சைத் தேடிக் கண்டுபிடித்து, அதில் உட்கார்ந்து, அன்றைக்கு யார் முதலில் பேசியது என்று சண்டை போட்டது.

ஒவ்வொருவர் நுழையும்போதும் வாசல் பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது. சாயங்காலம் அது சிமிட்டுவதை நிறுத்திவிட்டு, விடாமல் எரிய ஆரம்பித்தது.

"என்னங்க, அந்தப் பலகைய எழுதின புத்திசாலி யாருன்னு விசாரிச்சீங்களா?" என்று கேட்டாள் மனைவி, தட்டை வைத்தபடி. "எங்க குழு சும்மா விடாது. நாளைக்கு எல்லாரும் சேர்ந்து உங்க ஆபீசுக்கு வந்து புகார் கொடுக்கப் போறோம்."

"என்கிட்டயா? வீட்டுலயே சொல்லிடேன்."

"வீட்டுல நீங்க என் புருஷன். புகார் அதிகாரிகிட்டதான் கொடுக்கணும். அது சரி, முழங்கால்ல என்ன பச்சையா?"

"புல்லு" என்றார் கண்காணிப்பாளர், காலை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டு.

மறுநாள் பலகையைக் கழற்றி எறிந்தார். மீதிப் பச்சை வண்ணம் ஒரு வாளி இருந்தது. பெஞ்சுக்கெல்லாம் அதை அடித்துவிட்டால்? உட்கார இடமில்லாத பூங்காவுக்கு எவன் வருவான்?

எல்லோரும் வந்தார்கள். உட்காரவும் செய்தார்கள். ஈர வண்ணம் என்று எழுதி ஒட்டிய காகிதத்தின் மேலேயே உட்கார்ந்தார் ஒருவர். அன்று பேருந்து நிறுத்தத்திலும் வங்கியிலும் மருந்துக் கடையிலும் முதுகில் பச்சைக் கோடு வாங்கிய மனிதர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டு, "நீங்களும் பூங்காவா?" என்று விசாரித்துக்கொண்டார்கள். பிறகு ஒன்றாகக் கிளம்பிப் புகார் சொல்ல வந்தார்கள். புகார் சொல்லும் அலுவலகம் பூங்காவுக்கு உள்ளே இருந்தது. சிவப்பு விளக்கு சிமிட்டியது.

புகாரை அடக்க, "கறையை நாங்களே இலவசமா எடுத்துக் கொடுக்கறோம்" என்று வாக்குக் கொடுத்தார் கண்காணிப்பாளர். தோட்டக்காரர்கள் கையில் துணியும் மண்ணெண்ணெயுமாக வரிசையாக உட்கார்ந்தார்கள். விஷயம் பரவியது. பச்சைக் கறை போக, மைக் கறை, குழம்புக் கறை, இன்னதென்றே தெரியாத கறை என்று வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போயிற்று. ஓர் அம்மாள் திரைச்சீலையே கொண்டு வந்திருந்தாள்.

"சார், விட்டுடுங்க" என்றார் அமைதி சார், காபியை ஆற்றியபடி. "எதுவும் செய்யாம சும்மா இருங்க. எல்லாம் சரியாயிடும்."

"உங்களுக்கென்ன சார், சும்மா இருந்தாலே உங்க இடத்துக்கு ஆள் வரும்" என்று எரிந்து விழுந்தார் கண்காணிப்பாளர். அமைதி சார் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் கோபித்துக்கொண்டு யாரும் பார்த்ததில்லை.

அடுத்த யோசனை கண்காணிப்பாளருக்குக் குளிக்கும்போது வந்தது. ஈரத் தலையோடு வாசல் காவலாளியிடம் ஓடினார்.

"இங்க பாருய்யா. குளத்துப் பக்கம் பாம்பு ஒண்ணு இருக்குன்னு வர்றவங்க காதுல மெல்லப் போட்டு வை. அது போதும்."

"எவ்வளவு நீளம் ஐயா?"

"நீளம் எதுக்குய்யா உனக்கு?"

"கேப்பாங்களே ஐயா. தெரியலன்னு சொன்னா வாசல் காவலுக்கு என்ன மரியாதை?"

"உன் இஷ்டம் போ."

இஷ்டத்துக்கு விட்டதுதான் தப்பு. காலையில் கை நீளம் இருந்த பாம்பு, மத்தியானம் ஆள் நீளமாகி, சாயங்காலம் ஒரு நாய்க்குட்டியையும் விழுங்கிவிட்டது. அந்த நாய்க்குட்டி உயிரோடு வாசலிலேயே படுத்திருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. ஊரில் இருந்த அத்தனை குழந்தைகளும் அப்பாக்களின் தோளில் ஏறி வந்தார்கள். ஓர் ஆசிரியை, வகுப்பறையில் படம் காட்டுவதைவிட இது மேல் என்று பள்ளிக்கூடத்தையே கூட்டி வந்தாள். மரத்தடியில் ஒருவன் பலூன் விற்றான். பாம்பு வடிவ பலூன்.

கடைசியில் பாம்பு பிடிக்கிறவரே வந்துவிட்டார். யார் கூப்பிட்டது என்று தெரியவில்லை. இல்லாத பாம்பை எப்படிப் பிடிப்பார், பிடிக்க முடியாமல் போனால் ஜனங்கள் வெறுத்துப்போய்க் கலைந்துவிடுவார்கள் என்று கண்காணிப்பாளர் கொஞ்சம் ஆறுதலாக இருந்தார். அந்த மனிதர் குளத்தங்கரைப் புதருக்குள் கையை விட்டார். செருப்பு வார் நீளத்தில் ஒரு தண்ணீர்ப் பாம்பை வெளியே எடுத்தார். அது கொட்டாவி விடுவது போல வாயைத் திறந்தது. கூட்டம் கைதட்டிய சத்தத்தில் வாத்துகள் பறந்தன.

"குட்டி இதுன்னா, தாய் எங்க?" என்று கேட்டது கூட்டத்தில் ஒரு குரல்.

கண்காணிப்பாளர் தலையில் கையை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய், சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். மனைவி வந்து பார்த்தபோது குளத்தையே வெறித்துக்கொண்டிருந்தார்.

"உடம்பு சரியில்லையா?"

"பலகைய எழுதினது நான்தான்" என்றார்.

"தெரியும்."

"பெஞ்சுக்கு வண்ணம் அடிச்சதும் நான்தான்."

"அதுவும் தெரியும். வேட்டை நாய் மாதிரி ஊரே பாம்ப தேடுறப்ப, நீங்கமட்டும் கூட்டத்தையே பாத்துக்கிட்டு நின்னீங்களே, அதான் புரியல. எதுக்குங்க இந்தக் கூத்தெல்லாம்?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். இலக்கு, இரண்டு மடங்கு, பெட்டி, மயானம், கடைசியில் அந்த ஜன்னல். ஜன்னலைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவளைப் பார்க்காமல் குளத்தைப் பார்த்தார்.

மனைவி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் வெளியே கை காட்டினாள்.

"இருபது வருஷமா இதே ஜன்னல்ல நின்னுக்கிட்டு, 'பாத்துப் பாத்து வெச்சிருக்கேன், யாருமே வரலையே'ன்னு புலம்பினது யாரு?"

அவர் ஜன்னல் கம்பியைச் சுரண்டினார்.

"இப்ப வந்திருக்காங்க. ஊஞ்சல்ல இடமில்ல. குளத்தச் சுத்தி நிக்க இடமில்ல. இதப் பாத்து அழற ஒரே பூங்கா அதிகாரி நீங்கதான்."

"வீடு போயிடுமேம்மா."

"போனா போகுது. மயானத்து வீட்டுல சுவர்ல ஓட்ட போட்டு ஒரு ஜன்னல் வெச்சுக்க முடியாதா? இந்தப் பக்கம் பாத்த மாதிரி வெச்சுக்கிட்டாப் போச்சு. அமைதி சார் இங்க வந்தா நமக்குக் காபி கொடுக்காமலா இருப்பார்?" அவள் எழுந்து புடவைத் தலைப்பை உதறினாள். "எழுந்திருங்க. அந்த ஊஞ்சல் சங்கிலி கிறீச் கிறீச்னு மானத்த வாங்குது. போய் எண்ணெய் போடுங்க."

அவர் போய் எண்ணெய் போட்டார்.

வாரத்தின் மீதி நாட்களில் கண்காணிப்பாளர் எதையும் தடுக்கவில்லை. அடைத்து வைத்திருந்த நீரூற்றைத் திறந்துவிட்டார். நடைக்குழுவுக்குப் பாதையைக் கூட்டிக் கொடுத்தார். நரைத்த தம்பதி மறுபடியும் வந்தபோது அவர்களுடைய பெஞ்சைத் தானே துடைத்துக் கொடுத்தார். முதலில் பேசியது மனைவிதான் என்று அதற்குள் தீர்ப்பாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவரும் தன் மனைவியோடு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். அந்தப் பூங்காவில் அவர் சும்மா உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. எழுந்தபோது முதுகில், இத்தனை நாளாகியும் காயாத பச்சைக் கோடு. அதைப் பார்த்து மனைவி சிரித்த சிரிப்பில், மயானம்கூட அவருக்கு அவ்வளவு மோசமான இடமாகத் தெரியவில்லை.

ஆனாலும் மறுநாள் ஆணையர் அலுவலகத்தின் படிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே ஏறினார். மேஜையின்மேல் வாசல்களிலிருந்து கழற்றி வந்த இரண்டு சாம்பல் நிறப் பெட்டிகளும் இருந்தன. ஆணையர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்களைப் படித்தார். படித்துவிட்டுக் கண்காணிப்பாளரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஒரு பஸ்ல ஏத்தினா ரெண்டு சீட் காலியா இருக்கும் போலிருக்கே. ஒரு வாரம் முழுக்க உங்க பெரிய பூங்காவுக்கு வந்தது இவ்வளவு பேர்தானா?"

கண்காணிப்பாளர் தன் காதை நம்பவில்லை.

"பரவாயில்ல. இத ரெண்டு மடங்காக்கறது ஒண்ணும் கஷ்டமில்ல. தைரியமா இருங்க." ஆணையர் இரண்டாவது பெட்டியின் பக்கம் திரும்பினார். அவருடைய குரல் கனிந்தது. "ஆனா மயானம்! இந்த ஊர்ல பாதி பேர் போயிட்டு வந்திருக்காங்க! போனவங்கள மறக்காத ஜனங்க. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு."

அறையில் இருந்த எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். கண்காணிப்பாளருக்கு மார்பிலிருந்து ஒரு பாறை உருண்டு இறங்கிய மாதிரி இருந்தது. அடுத்த நொடியே அந்தப் பாறை யார் தலையில் விழுந்திருக்கிறது என்பதும் உறைத்தது. இத்தனை கூட்டத்தை மயானத்தில் இரண்டு மடங்காக்க அமைதி சார் எங்கே போவார்? ஊரையே கொன்றாலும் போதாதே!

அவர் எழுந்து நின்றார். "மேடம், அந்தப் பெட்டி ரெண்டும்…"

"கருவியக் குறை சொல்லாதீங்க."

"இல்ல மேடம், பாம்பு பாக்க எங்க பூங்காவுலதான்…"

"கண்ணால பாக்கறது கணக்கில்ல. கருவி சொல்றதுதான் கணக்கு. உக்காருங்க."

பின்னாலிருந்து யாரோ அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். திரும்பிப் பார்த்தார். அமைதி சார். முகத்தில் சலனமே இல்லை.

வெளியே வந்ததும் கண்காணிப்பாளர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். படியோரம் காத்திருந்த மனைவி, அவருடைய முகத்திலிருந்த நிம்மதியையும் கலக்கத்தையும் மாறி மாறிப் பார்த்து, எதை முதலில் விசாரிப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"சார், நான் திரும்பவும் உள்ள போறேன். கையால எழுதிக் கொடுக்கறேன். என் கூட்டம் பூரா உங்க கணக்குல ஏறிடுச்சு. அந்த இலக்க நீங்க எப்படி சார் எட்டுவீங்க? எட்டலன்னா உங்கள என்ன பண்ணுவாங்களோ!"

அமைதி சார் கைக்குள் இருந்த நாவலைப் பிரித்து, விட்ட பக்கத்தைத் தேடி எடுத்துக்கொண்டார்.

"மயானத்துக்கு மாத்துவாங்க, வேறென்ன? உங்க இடத்துக்கு வந்து, இந்தக் கூட்டத்துக்கும் அம்மாவோட நடைக்குழுவுக்கும் நடுவுல மாட்டிக்கறதுக்கு பயந்துதானே, நீங்க பலகையும் கையுமா உக்காந்திருந்ததப் பாத்த அன்னைக்கே, உங்க பெட்டிய என் வாசல்லயும் என் பெட்டிய உங்க வாசல்லயும் மாத்தி மாட்டினேன்!"